கமராவும் கைப்பழக்கமும்

விழா மலரொன்றைக் கையில் எடுப்போர் முதலிற் பார்ப்பது வாழ்த்துச் செய்திகளையன்று, கட்டுரைகளையுமன்று. படங்களையே முதலிற் புரட்டுகின்றனர். அந்த வரிசையில் தாம் எங்கே நின்றோம், பக்கத்தில் நின்றவன் இப்போது எந்த நாட்டில் இருக்கின்றான், நடுவில் வீற்றிருக்கும் ஆசிரியர் எந்த ஆண்டிற் காலமானார் என்றெல்லாம் எண்ணி, விரலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டுச் செல்கின்றனர். படத்தின் அடியில் ‘இருப்போர், இடமிருந்து வலம்’ என்று தொடங்கி, நிற்போர் முதலாம் வரிசை, இரண்டாம் வரிசை என ஒரு பெயரும் விடுபடாமல் அச்சிட்டிருப்பர். அன்று வராதவரின் பெயர்கூடச் ‘சமுகமளியாதோர்’ என்ற தலைப்பின் கீழ் இடம்பெறும். ஆனால், கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, அசையவேண்டாமென்று கையைக் காட்டி, வெயிலையும் நிழலையும் கணக்கிட்டு அந்தப் படத்தை எடுத்தவர் அன்று சமுகமளித்திருந்தும், அவர் பெயர் எங்கும் இராது.

இஃது எவருடைய நன்றிக்கேட்டினாலும் நேர்ந்ததன்று. படத்தைப் பிடிப்பது கமராவே, மனிதன் செய்வது விரலை அழுத்துவது மாத்திரமே என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருப்பதனால் நேர்ந்தது. சட்டைப் பைதோறும் கைத்தொலைபேசியோடு கமராவும் சேர்ந்து கிடக்கும் இக்காலத்தில் அவ்வெண்ணம் முன்னையிலும் வலுப்பெற்றுவிட்டது. சித்திரம் தீட்டுபவனையும் வீணை வாசிப்பவனையும் கலைஞன் என்கின்றோம்; படம் எடுப்பவனைப் ‘படக்காரன்’ என்று கூப்பிட்டுக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுகின்றோம். இது பிழை என்பது எமது துணிபு. நியாயம் பேசி இதனை நிலைநாட்டுவதிலும் பார்க்க, ஒரு மனிதருடைய வாழ்வைச் சொல்லி நிலைநாட்டுவது எளிது. அமெரிக்காவின் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் படமெடுத்த அன்சல் அடம்ஸ் என்பாரே அம்மனிதர்.

அடம்ஸ் 1902ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரிற் பிறந்தார். பாட்டனார் மர வியாபாரத்திற் பெரும் பொருள் ஈட்டியவர். வீடு, கோல்டன் கேற் எனப்படும் கடல்வாயிலை நோக்கிய மணற் குன்றுகளின் நடுவில் இருந்தது. 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் திகதி அந்நகரை அழித்த பெரும் பூகம்பத்தின்போது பிள்ளைக்கு வயது நான்கு. முதலில் வந்த பேரதிர்ச்சி அவனை ஒன்றும் செய்யவில்லை. பின்னர் வந்த சிற்றதிர்ச்சியொன்று தோட்டத்து மதிலோடு தூக்கி எறிய, மூக்கு உடைந்து ஒரு பக்கமாக வளைந்துபோயிற்று. பையன் வளர்ந்து பக்குவமடைந்த பின்னர் அதனை நிமிர்த்திக்கொள்ளலாம் என்றார் வைத்தியர். தாம் இன்னும் பக்குவமடையவில்லை, ஆதலால் மூக்கும் அப்படியே இருக்கின்றது என்று அடம்ஸ் முதுமையிலும் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1907ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏற்பட்ட பண நெருக்கடியோடு குடும்ப வியாபாரமும் சரியத் தொடங்கிற்று. தந்தையார் சாள்ஸ் அடம்ஸ் இழந்ததை மீட்க முயன்றே தம் வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழித்தார்.

பையனோ பள்ளிக்கூடத்துக்குப் பொருந்தாதவனாய் இருந்தான். ஓரிடத்தில் இருக்கமாட்டான், சொன்னதைச் செய்யமாட்டான், கண் முழுவதும் யன்னலுக்கு வெளியே. ஒன்றன் பின் ஒன்றாகப் பல பள்ளிகள் அவனை வைத்திருக்க இயலாதெனக் கைவிட்டன. பழைய மாணவர் மலரில் இதனைச் சொல்வது சற்றுச் சங்கடமானதே. ஆயினும் மறைத்தலும் முறையன்று. 1915ஆம் ஆண்டில் தந்தையார் அவனைப் பள்ளியினின்றும் நிறுத்தி, வீட்டிலே கற்பிக்க ஒழுங்கு செய்தார். அவ்வாண்டு சான் பிரான்சிஸ்கோவில் பனாமா பசிபிக் சர்வதேசக் கண்காட்சி நடைபெற்றது. ஆண்டு முழுவதற்குமான நுழைவுச் சீட்டொன்றை வாங்கிப் பையனிடம் கொடுத்து, நாள்தோறும் அங்கு சென்று பார்த்து வருமாறு பணித்தார். ஓவியமும், சிற்பமும், இயந்திரங்களும், இசையரங்குகளும் அவ்வாண்டு அவனுக்குப் பாடங்களாயின.

இவ்விடத்திற் சற்றுத் தரிக்க விரும்புகின்றோம். வியாபாரம் நொடித்துக்கொண்டிருக்கின்றது; உள்ளவன் ஒரே பிள்ளை; அவனையும் பள்ளிக்கூடங்கள் வேண்டாமென்று விட்டன. இந்நிலையில் நம்மவரில் எத்தனை தகப்பன்மார் கண்காட்சிச் சீட்டு வாங்கிக் கொடுப்பர்? பிரம்பைத் தேடுவோர் பலர். தலைவிதியை நோவோர் பலர். பிள்ளை தோற்றுப்போனான் என்று கொள்ளாமல், இவனுக்கு ஏற்ற பள்ளிக்கூடம் எங்கோ இருக்கின்றது, அது எதுவென்று தேடுவோம் என்று கொண்ட அந்த மனிதரை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பு உண்டாகின்றது. மகனுடைய படங்கள் நூதனசாலைகளில் தொங்குகின்றன. அவற்றிற் பாதி தந்தைக்குரியது என்றால் அது மிகையாகாது.

அடுத்து வந்தது பியானோ. பன்னிரண்டு வயதளவிற் பையன் தானாகவே அதைப் பழகத் தொடங்கினான். பின்னர் கிடைத்த ஆசிரியை மிகுந்த கண்டிப்புள்ளவர். பிழையற வாசிக்கும்வரை அடுத்த பாடத்துக்குச் செல்ல விடாதவர். பள்ளிக்கூடம் பல ஆண்டுகளில் அடக்க முடியாத பிள்ளையை அந்த எண்பத்தெட்டுக் கட்டைகள் அடக்கின. ஒரே அடியை நூறு முறை திரும்பத் திரும்ப வாசித்தாலும் சலியாத பொறுமை அங்குதான் உண்டாயிற்று. இசைவாணர் ஆவதே தம் வாழ்வின் நோக்கம் என அடம்ஸ் பதினைந்து ஆண்டுகள் எண்ணியிருந்தார். கமரா அக்காலம் முழுவதும் கோடை விடுமுறையின் தோழனாக மாத்திரமே இருந்தது.

அந்தத் தோழன் வந்து சேர்ந்த கதை இது. 1916ஆம் ஆண்டு பையன் தடிமனோடு படுக்கையிற் கிடந்தபோது, பெரியதாயார் ஒருவர் சியரா நெவாடா மலைகளைப் பற்றிய பழைய நூலொன்றைப் படிக்கக் கொடுத்தார். அதனைப் படித்தவன், யோசெமிற்றிப் பள்ளத்தாக்குக்கே இவ்வாண்டு போகவேண்டுமென்று பெற்றோரை விடாது நச்சரித்தான். யூன் மாதத்திற் குடும்பமாக அங்கு சென்றனர். நாலாயிரம் அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் கருங்கற் பாறைகளையும், அவற்றினின்று விழும் அருவிகளையும் கண்ட பதினான்கு வயதுப் பையனுடைய கையில் தந்தையார் கொடக் பிறௌணிப் பெட்டிக் கமரா ஒன்றைக் கொடுத்தார். ஹாப் டோம் என்னும் அரைக்கோளப் பாறையைப் படமெடுக்க எண்ணி அவன் உக்கிய மரக்குற்றியொன்றின்மேல் ஏறினான். குற்றி நொறுங்கிற்று, பையன் தலைகீழாக விழுந்தான், விழும்போதே விரல் கமராவை அழுத்திவிட்டது. படச்சுருளைக் கழுவியவர், இந்த ஒரு படம் மாத்திரம் ஏன் தலைகீழாக இருக்கின்றது என்று வியந்து கேட்டாராம். அந்தப் படம் தம் தொடக்க காலப் படங்களுள் தமக்கு மிக விருப்பமானது என்பது அடம்ஸின் கூற்று.

எமக்கும் மாணவப் பருவத்தில் இவ்வகைப் பெட்டிக் கமரா ஒன்று வாய்த்தது. ஒரு சுருளில் எட்டுப் படம். கழுவி வந்தபோது மூன்றில் தலை வெட்டுண்டிருந்தது; இரண்டில் எமது விரலே பிரதானமாக நின்றது. சுருளின் விலையைக் கேட்டு வீட்டிற் கிடைத்த வசைக்குப் பின்னர் அந்தப் பெட்டி அலுமாரியின் மேலேறிற்று. விரல் அழுத்துவதுதான் கலை என்றால் எமக்கும் அவருக்கும் வேறுபாடு ஒன்றுமில்லை. வேறுபாடு அடுத்த ஆண்டிலேதான் தொடங்குகின்றது. அடம்ஸ் அடுத்த ஆண்டும் யோசெமிற்றிக்குச் சென்றார், இன்னும் நல்ல கமராவோடும் முக்காலியோடும். அதற்கடுத்த ஆண்டும் சென்றார். 1984ஆம் ஆண்டில் இறக்கும்வரை அவர் அங்கு செல்லாத ஆண்டே இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் படம் கழுவும் நிலையமொன்றிற் சேர்ந்து இருட்டறை வேலையைப் பழகினார். 1919ஆம் ஆண்டில் மலைகளைப் பேணும் சியராக் கழகத்தில் உறுப்பினரானார்; அடுத்த ஆண்டிலிருந்து நான்கு கோடைகாலங்கள் அக்கழகத்தின் பள்ளத்தாக்கு விடுதிக்குக் காவலராக இருந்தார். எந்த மாதத்தில், எந்த மணிக்கு, எந்தப் பாறையில் வெயில் எப்படிச் சாய்ந்து விழும் என்பதை நம்மூர்க் கமக்காரன் மழைக் குறியை அறிவதுபோல அறிந்துகொண்டார்.

அக்காலத்திற் படமெடுப்பது தோள் வலிக்கும் தொழில். கமராவும், கண்ணாடித் தட்டுக்களும், வில்லைகளும், முக்காலியுமாக நாற்பது இறாத்தல் அளவுள்ள மூட்டையை முதுகிற் சுமந்து மலையேற வேண்டும். 1927ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் திகதி, ஹாப் டோமின் செங்குத்தான முகத்தைப் பார்க்கத்தக்க ஒரு பாறை விளிம்புக்கு அவரும் நண்பர்களும் பனியினூடாக ஏறினர். கொண்டுசென்ற பன்னிரண்டு தட்டுக்களில், அவ்விடம் சேர்ந்து வெயில் பாறைமுகத்துக்குத் திரும்பும்வரை காத்திருந்தபோது, எஞ்சியவை இரண்டே. வழக்கப்படி மஞ்சள் நிறக் கண்ணாடியை வில்லையின்முன் மாட்டி ஒரு தட்டிற் படமெடுத்தார். எடுத்த உடனே மனத்தில் ஓர் ஐயம். தாம் எடுத்தது பாறையின் உருவத்தை. தாம் கண்டதோ அதன் முன் நின்றபோது உண்டான அச்சத்தை. மஞ்சட் கண்ணாடியில் வானம் வெளிறிய சாம்பல் நிறமாகவே வரும். அந்த வானத்தின் முன் பாறை கனமிழந்து நிற்கும். ஆகவே அதனைக் கழற்றிவிட்டு, நீல ஒளியைத் தடுத்து வானத்தை ஏறக்குறையக் கருமையாக்கும் கடுஞ்சிவப்புக் கண்ணாடியை மாட்டினார். எஞ்சிய ஒரு தட்டில் ஐந்து விநாடி ஒளி கொடுத்தார். கரிய வானத்தின் முன் பாறை ஒளிர்ந்து நிற்கும் அந்தப் படமே அவரைப் பிற்காலத்தில் உலகறியச் செய்தவற்றுள் முதன்மையானது. கமரா ஒன்றே, நின்ற இடம் ஒன்றே, பாறையும் ஒன்றே. படங்கள் மாத்திரம் இரண்டு. கமராவே படம் பிடிக்கின்றது என்போர் இதற்கு என்ன சொல்வரோ அறியோம்.

அதே ஆண்டில் அவருடைய பதினெட்டு மலைப் படங்கள் ஒரு தொகுதியாக வெளிவந்தன. அல்பேட் பென்டர் என்ற கலாரசிகர் பொருளுதவி செய்து, தாமே பத்துத் தொகுதிகளையும் வாங்கினார். வெளியிட்டவருக்கு ஓர் அச்சம்: ‘நிழற்படம்’ என்று தலைப்பிட்டால் எவரும் பணங்கொடுத்து வாங்கமாட்டார்களே! அதற்காகப் ‘பார்மீலியன்’ என்று ஒரு சொல்லைப் புதிதாக உண்டாக்கி, ‘பார்மீலியன் அச்சுக்கள்’ என்று பெயரிட்டனர். அச்சொல்லுக்கு எந்த மொழியிலும் பொருள் இல்லை. படக்காரனைத் தாழ்வாய் நினைப்பது நமக்கு மாத்திரம் உரிய குணம் என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவிலும் அந்நாளில் நிலைமை இதுவே.

1930ஆம் ஆண்டில், நியூ மெக்சிக்கோவிலுள்ள தாவோஸ் என்ற ஊரில், போல் ஸ்ராண்ட் என்னும் நிழற்படக் கலைஞரைச் சந்தித்தார். ஸ்ராண்டிடம் அச்சிட்ட படங்கள் அப்போது இல்லை; நெகற்றிவ்களை மாத்திரம் யன்னல் வெளிச்சத்திற் பிடித்துக் காட்டினார். இசையா, படமா என்று பல ஆண்டுகள் ஊசலாடிய மனம் அன்று நிலைபெற்றது. வீட்டிலே தாயாரும் பெரியதாயாரும் மன்றாடினர். பியானோவை விடாதே, கமராவினால் மனித ஆன்மாவை வெளிப்படுத்த இயலாது என்பது அவர்கள் வாதம். கமராவினால் இயலாது போகலாம், அதை வைத்திருப்பவனால் இயலக்கூடும் என்ற கருத்துப்பட மகன் விடை சொன்னார். யாம் இக்கட்டுரையிற் பல பக்கங்களில் உழன்று சொல்ல முயல்வதை அவர் அடுக்களை வாசலில் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

பியானோவை விட்டாரேயன்றிப் பியானோவிற் கற்றதை விடவில்லை. நெகற்றிவ் என்பது இசையமைத்தோன் எழுதிவைத்த சுரக்குறிப்பு, அதிலிருந்து அச்சிடும் படம் மேடையில் வாசிக்கும் கச்சேரி என்று அவர் மாணவருக்கு விளக்குவார். ஒரே குறிப்பை இன்று வாசித்தபடியே நாளையும் வாசிக்கவேண்டுமென்பதில்லை. இருட்டறையில் ஒரு மூலைக்குக் கையால் நிழல் கொடுத்து ஒளியைக் குறைப்பார். இன்னொரு மூலையில் ஒளியைக் கூட்டுவார். 1932ஆம் ஆண்டில் எட்வேட் வெஸ்ரன், இமொஜன் கனிங்ஹாம் முதலியோரோடு சேர்ந்து ‘எப் 64’ என்னும் குழுவை அமைத்தார். வில்லையின் மிகச் சிறிய துவாரங்களுள் ஒன்றைக் குறிக்கும் எண் அது. அத்துவாரத்தில் அருகிலுள்ள புல்லும் தொலைவிலுள்ள மலையும் ஒருங்கே தெளிவாகத் தோன்றும். படத்தை மங்கலாக்கி, ஓவியம்போற் பூசி மெழுகுவது அந்நாளைய நாகரிகம். நிழற்படம் நிழற்படமாகவே இருக்கட்டும், ஓவியத்தின் சட்டையை இரவல் வாங்க வேண்டியதில்லை என்பது இக்குழுவினரின் கொள்கை. பின்னர் பிரெட் ஆச்சர் என்பாரோடு சேர்ந்து, முழுக் கருமை தொடக்கம் முழு வெண்மை ஈறாக ஒளியைப் பதினொரு படிகளாக வகுத்து, காட்சியின் எந்தப் பகுதி படத்தில் எந்தப் படியில் நிற்கவேண்டுமென்பதைப் படமெடுக்கு முன்னரே மனத்திற் கண்டு, அதற்கேற்ப ஒளியையும் கழுவும் நேரத்தையும் அளக்கும் முறையை வகுத்தார். விஞ்ஞானம் கற்ற மாணவர்கள் அதனை நூல்களிற் படித்துக்கொள்ளலாம். கணக்குப் பாடம் போலத் தோன்றும் அம்முறை எதற்குப் பயன்பட்டது என்பதையே ஈண்டுச் சொல்லவேண்டும்.

1941ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். நியூ மெக்சிக்கோவில் ஒரு நாள் முழுவதும் அலைந்தும் நல்ல படம் ஒன்றும் அகப்படாமல், மகனோடும் நண்பரொருவரோடும் காரிலே திரும்பிக்கொண்டிருந்தார். ஹெர்னாண்டெஸ் என்னும் சிற்றூரைக் கடக்கையில் இடப்புறம் திரும்பிப் பார்த்தார். தொலைவிற் பனி படர்ந்த மலை; அதன்மேல் முகிற் கூட்டம்; கிழக்கே எழுந்து நிற்கும் சந்திரன்; கீழே மண் வீடுகளும், சிறிய தேவாலயமும், மயானமும். மேற்கே விழும் சூரியனின் கடைசிக் கதிர்கள் மயானத்து வெண்சிலுவைகளைத் தொட்டுக்கொண்டிருந்தன. காரைத் தெருவோரத்திற் சறுக்கி நிறுத்தி, பத்து அங்குல உயரப் பிலிம் கொள்ளும் பெரிய கமராவை முக்காலியில் ஏற்றினார். ஒளிமானியைத் தேடினர், பெட்டி பெட்டியாகத் தேடியும் அது கிடைக்கவில்லை. சூரியனோ காத்திருக்கவில்லை. அந்த வேளையில் அவருக்கு ஓர் எண் நினைவுக்கு வந்தது. சந்திரனுடைய பிரகாசம் சதுர அடிக்கு 250 கண்டில் என்பதே அது. அதனைத் தம் படிகளுள் ஒன்றில் வைத்து, மனக்கணக்காக ஒளியின் அளவைத் துணிந்து, ஒரு விநாடி திறந்து மூடினார். இன்னொன்று எடுத்து வைப்போம் என்று பிலிமை மறுபக்கம் திருப்புகையில் சிலுவைகளின்மேல் நின்ற வெயில் மறைந்துவிட்டது. உலகில் மிகவும் போற்றப்படும் நிழற்படங்களுள் ஒன்றுக்கு இரண்டாவது நெகற்றிவ் இல்லை.

அந்த ஒரு விநாடியை எடுத்துக்கொண்டு, அதிட்டம் என்று சொல்வாரும் உளர். அதிட்டம் என்பது காரின் யன்னலூடாகத் திரும்பிப் பார்த்ததோடு முடிந்துவிட்டது. கருவி கைவிட்ட வேளையில் எண் நாவில் வந்தது எதனால்? தந்தையார் வானசாஸ்திரத்திற் பிரியமுள்ளவர். மகனுக்கு இளமையிலேயே தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தவர். பத்து விரல்களும் இருட்டில் தாமாகவே திருகியைத் தேடியது எதனால்? ஒரு சுரமும் பிழைக்க விடாத ஆசிரியையினால். அந்த ஒரு விநாடிக்குள் முப்பது ஆண்டுகள் நிற்கின்றன. அதன் பின்னரும் வேலை முடியவில்லை. அந்த நெகற்றிவ்விலிருந்து அச்சிடுவது மிகக் கடினமாயிருந்தபடியால், 1948ஆம் ஆண்டில் அதன் கீழ்ப்பகுதியை மறுபடியும் இரசாயனத்திற் பதப்படுத்தினார். வாழ்நாளில் அந்த ஒரு படத்தை 1,300 முறைக்கு மேல் தம் கையாலேயே அச்சிட்டார் என்பர். ஆண்டு செல்லச் செல்ல வானத்தைக் கருமையாக்கிக்கொண்டே போனார். இதில் ஒரு வேடிக்கை: ஒளிக் கணக்குகளை இவ்வளவு கவனமாகப் பேணியவர், படமெடுத்த திகதிகளைப் பேணுவதில்லை. இந்தப் படத்துக்கே பல ஆண்டுகளை மாறி மாறிச் சொல்லியிருக்கின்றார். படத்தில் நிற்கும் சந்திரனுடைய இடத்தைக் கணித்து, அது 1941 நவம்பர் 1ஆம் திகதி மாலை 4 மணி 49 நிமிடம் என்று 1991ஆம் ஆண்டில் ஒருவர் துணிந்தார். அப்போது அடம்ஸ் இறந்து ஏழாண்டுகளாகியிருந்தன.

இவ்வளவு புகழ்ந்தோம், குறை சொல்வோருக்கும் செவிகொடுத்தல் வேண்டும். உலகம் துண்டு துண்டாய் உடைந்துகொண்டிருக்கையில் அடம்ஸும் வெஸ்ரனும் பாறைகளைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்களே என்று பிரெஞ்சு நாட்டுக் கார்ட்டியே பிறெசோன் மனம் வெதும்பிச் சொன்னதாகக் கூறுவர். இதற்கு எளிதில் விடை உண்டு. பாறையையும் காக்கவேண்டிய காலம் அது. 1936ஆம் ஆண்டில் அடம்ஸ் தம் படங்களை எடுத்துக்கொண்டு வாஷிங்டனுக்குச் சென்று, கிங்ஸ் கன்யன் மலைப்பகுதியைத் தேசிய வனமாக்கவேண்டுமென்று அரசியலாளரிடம் வாதாடினார். 1938ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய சியரா நெவாடாப் படநூல் ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றின் கைவரை சென்றது. 1940ஆம் ஆண்டிற் சட்டமும் நிறைவேறியது. படம் எடுத்தது மாத்திரம் காரணமன்று; எனினும் படமும் ஒரு சாட்சியாக நின்றது.

மன்சனார் விடயம் இத்துணை எளிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வமிசத்தவர் என்ற ஒரே காரணத்தால் ஏறக்குறைய 120,000 பேரை அமெரிக்க அரசு வீடு வாசலினின்றும் பெயர்த்து முகாம்களில் அடைத்தது. அவர்களிற் பெரும்பாலார் அந்நாட்டிலே பிறந்த பிரஜைகள். பெற்றோரிடம் நெடுங்காலம் பணியாற்றிய முதியவர் ஒருவரையும் அவ்வாறு கொண்டுசென்றனர். அது அடம்ஸின் நெஞ்சைச் சுட்டது. சியரா மலைகளின் கிழக்கு அடிவாரத்தில், பத்தாயிரம் பேரை அடைத்து வைத்திருந்த மன்சனார் முகாமுக்கு 1943ஆம் ஆண்டிற் சென்று படமெடுக்கத் தொடங்கினார். காவற்கோபுரத்தையும் முட்கம்பியையும் எடுக்கலாகாது என்பது நிபந்தனை. அவர் எடுத்த முகங்கள் நிமிர்ந்து நம்மைப் பார்க்கின்றன. பல முகங்கள் புன்னகை செய்கின்றன. ‘சுதந்திரமாயும் சமமாயும் பிறந்தோர்’ என்று பொருள்படும் தலைப்போடு அவற்றை 1944ஆம் ஆண்டில், போர் ஓயுமுன்னரே, நூலாக்கினார். அந்நாளிற் பலர் வாய் திறக்கவும் அஞ்சினர். பிற்காலத்தில் அப்படங்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு இனாமாக வழங்கினார். ஆயினும், 1942ஆம் ஆண்டில் டொரத்தியா லாங் என்ற பெண்மணி அவ்வெளியேற்றத்தை எடுத்த படங்களில் உள்ள துயரம் இவற்றில் இல்லை. லாங்கின் படங்களை இராணுவம் போர் முடியும்வரை பூட்டி வைத்தது. அடம்ஸின் படங்களை வெளியிட விட்டது. அதுவே ஒரு விமரிசனம். அம்மக்களின் மானத்தைக் காட்ட விரும்பியவர் அவர்களுடைய காயத்தைக் காட்டத் தவறிவிட்டார் என்பது எமது அபிப்பிராயம். மலையைப் படமெடுக்கும் கண் எங்கும் நிமிர்ந்து நிற்பதையே தேடும் போலும்.

மற்றொரு குறையும் உண்டு; அது இன்னும் ஆழமானது. யோசெமிற்றிப் பள்ளத்தாக்கு ஆளற்ற காடாய் இருந்ததன்று. அவானீச்சி என்னும் ஆதிக் குடிகள் அங்கு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். 1851ஆம் ஆண்டில் ஆயுதப் படையொன்று அவர்களைத் துரத்திற்று. திரும்பி வந்து குடியிருந்தோரின் சந்ததியார் அடம்ஸ் அங்கு உலாவிய காலத்திலும் இருந்தனர். அவருடைய புகழ்பெற்ற படங்களிலோ மனிதன் கால்படாத, படைப்பின் முதல் நாட் காலையைப் போன்ற ஒரு நிலமே தோன்றுகின்றது. ஒரு பாறையில் வெயில் படும் மணியை அறிந்தவருக்கு, அப்பாறைக்குப் பெயரிட்டோர் எங்கே என்ற கேள்வி எழாமற் போயிற்றே என்பதில் எமக்கு வருத்தம் உண்டு. இப்படிச் சொல்வதும் அவரைக் கலைஞராக மதிப்பதனாலேயே. வெறும் இயந்திரத்திடம் எவரும் இவ்வாறு கணக்குக் கேட்கமாட்டார். தெரிந்தெடுத்தவனிடந்தான், நீ ஏன் இதனை விட்டாய் என்று கேட்கலாம்.

பிழைப்புக்காக அவர் விளம்பரப் படங்களும், வியாபார நிலையங்களுக்கான படங்களும் நெடுங்காலம் எடுத்தார். அவை பற்றிச் சொல்ல அதிகமில்லை. கற்றதை ஒளிக்கவில்லை என்பதே பெரிது. கமராவைப் பற்றியும், நெகற்றிவ்வைப் பற்றியும், அச்சிடுவதைப் பற்றியும் தனித்தனி நூல்கள் எழுதினார். எழுபது வயதைக் கடந்த பின்னர் அம்மூன்றையும் மறுபடியும் திருத்தி எழுதினார். மூன்றாவது நூல் வெளிவந்தது 1983ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி இறந்தார். பள்ளிக்கூடங்கள் வைத்திருக்க மறுத்த அந்தப் பையனுடைய நூல்கள் பல நாடுகளில் நிழற்படக் கலைக்குப் பாடநூல்களாக இருக்கின்றன.

மலர்க் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். இம்மலருக்கென வீடுகளிலிருந்து திரட்டப்பெறும் பழைய படங்களைத் திருப்பிப் பார்க்கவேண்டும். சிலவற்றின் பின்புறத்தில் இறப்பர் முத்திரை இருக்கும்; சிலவற்றில் அட்டையின் கீழ் மூலையில் எழுத்துக்கள் புடைத்து நிற்கும்; வெளிச்சத்திற் சாய்த்துப் பிடித்தால் வாசிக்கலாம். முத்திரை இல்லாத படங்களுக்கு மூத்த மாணவர் எவரையேனும் கேட்டால், அன்று கறுப்புத் துணியோடு சைக்கிளில் வந்தவர் யாரென்று சொல்லக்கூடும். அவரை நேரிற் கண்டோர் இப்போது சிலரே எஞ்சியிருக்கின்றனர். ‘நிற்போர்’ வரிசைக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டால் அப்பெயரை அச்சிடுவதற்குப் போதும்.